பாதிச் சேதி

மணிமேகலையின் குரலுக்கு ஒன்பதாம் வார்டில் தனி மரியாதை உண்டு. கோயில் மைக்கில் பாடுகிற குரல் ஒன்றும் இல்லை, கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் காலையில் பால் காய்ச்சும் நேரத்துக்கு வார்டு வாட்ஸப் குழுவில் அந்தக் குரல் வந்து விழுந்தால்தான் ஊரணித் தெருவுக்குப் பொழுது விடியும். "வார்டு மக்களுக்கு வணக்கம், நான் உங்க மணிமேகலை பேசுறேன்" என்று ஆரம்பிப்பாள். இன்றைக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், எந்தக் கம்பத்தில் பல்பு மாற்றுகிறார்கள், பாலம் வேலையால் டவுன் பஸ் எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது எல்லாம் அதில் வந்துவிடும். திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் நடுவே கிடக்கிற அந்தச் சின்னப் பேரூராட்சியில் மற்ற கவுன்சிலர்களுக்கு ஓட்டுக் கேட்கிற வரைக்கும்தான் வாய். ஜெயித்த பிறகும் பேசியவள் இவள் ஒருத்திதான்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தெரு நம்பியது. அந்த நம்பிக்கைதான் அன்றைக்கு ஒருவனைக் கரண்டுக் கம்பத்தில் கட்டி வைத்தது.

வினை பஸ்ஸில் இருந்து தொடங்கியது. மெயின் ரோட்டில் ஊர் பிரிகிற விலக்கில் இறங்கினால் ஊரணித் தெருவுக்கு உள்ளே நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. மில்லுக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் இருட்டு விழுமுன் அந்த வழியைக் கடக்க ஓட்டமும் நடையுமாக வருவார்கள். உள்ளே ஒரு மினி பஸ் விடுங்கள் என்று மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை தேய்ந்த பிறகு, ஒருவழியாக அனுமதி வந்தது. கூடவே பேரூராட்சிக் கூட்டத்தில் செயல் அலுவலர் ஒன்று சொன்னார். மினி பஸ் உள்ளே வந்து திரும்ப வேண்டுமென்றால் தெரு அகலமாக வேண்டும். ரோட்டு இடத்தில் ஏறி நிற்கிற படி, திட்டு, தகரக் கொட்டகை எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். ஆட்கள் வந்து அளந்து சிவப்புப் பெயிண்டில் குறி போடுவார்கள், ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்றார்.

மணிமேகலை பாதியைச் சொன்னாள். மினி பஸ் வரப்போகிறது என்று அவள் குரல் குழுவில் விழுந்த அன்று தெருவில் ஒரே கும்மாளம். கை தட்டுகிற படமும் பூங்கொத்துப் படமுமாக வந்து குவிந்தன. மீதிப் பாதியை அவள் முழுங்கிவிட்டாள்.

முழுங்கச் சொன்னவன் அவள் புருஷன் பழனிக்குமார். லோடு ஆட்டோவில் பூ மூட்டை ஏற்றிப் பூ மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவன். ஆனால் அரசியல் பேச உட்கார்ந்தால் அவன்தான் கவுன்சிலர், இவள் கையெழுத்துப் போடுகிறவள் என்று நினைப்பு.

"தேர்தல் வருது. இப்பப் போயி உங்க வாசல இடிக்கப் போறாகன்னு சொன்னேன்னு வையி, பஸ்ஸும் வேணாம், நீயும் வேணாம்னு போயிருவாக. பஸ் மொதல்ல ஓடட்டும்" என்றான்.

"குறி போட ஆளு வந்தா எப்படியும் தெரிஞ்சுருமே?"

"அப்பத் தெரிஞ்சா அது ஆபீஸ்காரன் செஞ்சது. இப்பச் சொன்னா அது நீ செஞ்சது. பேசாம இரு."

பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தும் இருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரியாதவள் அல்ல. சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் நாள் ஓடிவிட்டது.

அதற்குள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஒரு தகவல் வந்தது. பக்கத்து ஊர்களில் பூட்டிய வீடுகளை நோட்டம் விட்டு உடைக்கிறார்கள், சந்தேகப்படும்படி யாராவது திரிந்தால் உடனே போன் செய்யுங்கள் என்று. இதில் மறைக்க ஒன்றும் இல்லை, வார்டின் மேல் அக்கறை காட்ட நல்ல சமயமும்கூட. மணிமேகலை உடனே மைக்கை அமுக்கினாள். போன் செய்யுங்கள் என்பது மட்டும் சப்பென்று இருப்பதாகப் பட்டதால் தன் பங்குக்குக் கொஞ்சம் காரம் சேர்த்தாள். "தெரியாத ஆளு எவன் வாசல்ல நின்னாலும் விட்ராதீங்க. பிடிச்சுக் கட்டி வைங்க. மத்தத நான் வந்து பாத்துக்கிறேன்" என்றாள். அதற்கும் கைதட்டுப் படங்கள் வந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இவள் வாயால் கெட இருந்தவனோ வேறொருவன்.

அன்று மத்தியானம் அவள் திண்டுக்கல்லில் இருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். மினி பஸ் எந்த நாளில் இருந்து ஓடும் என்று கேட்கப் போனவளுக்கு நாளும் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலைக் குரலுக்கு நல்ல சேதி கிடைத்த சந்தோஷத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாலம் வேலை நடக்கிற இடத்தில் பஸ் நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

போன் டிங்கென்றது. குழுவில் வேலுமணி ஒரு படம் போட்டிருந்தான். வேலுமணி மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவன். தூங்காமல் குழுவில்தான் கிடப்பான். படத்தில் அய்யம்மாளின் இட்லிக் கடைப் படி. படியில் சிவப்பாக ஓர் அம்புக்குறி.

"இது என்ன குறி? யாருக்காச்சும் தெரியுமா?" என்று கீழே கேட்டிருந்தான்.

மணிமேகலை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்றைக்கா வந்து தொலைந்தார்கள்? அது ரோட்டு வேலைக்கு என்று எழுதத் தொடங்கினாள். எழுதினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உனக்கு எப்ப இருந்து தெரியும்? எழுதியதை அழித்தாள்.

அந்தச் செத்த நேரத்துக்குள் வேறு யாரோ பதில் போட்டுவிட்டார்கள். எங்கிருந்தோ வந்த பழைய செய்தி. பொம்பளை தனியாக இருக்கிற வீட்டுக்குத் திருடர்கள் அம்புக்குறி போடுவார்களாம், ஆள் இல்லாத வீட்டுக்கு வட்டமாம். அதற்குக் கீழே படங்கள் வந்தன. எங்க சுவத்துலயும் இருக்கு. எங்க படியிலயும் இருக்கு. பூட்டின வீட்டுக்கெல்லாம் போட்டுருக்கானுக. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தத் தெருவை அரள வைத்திருந்தவள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழனிக்குமாருக்குப் போன் போட்டாள். அவன் ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கேயோ லோடோடு இருந்தான்.

"நீ வாயத் தொறக்காத. பேரூராட்சி ஓவர்சீயருக்குச் சொல்லி ஆளத் திருப்பிக் கூப்பிடச் சொல்றேன். செத்த பொறு."

"அதுக்குள்ள எதுவும் ஆயிருச்சுன்னா?"

"என்ன ஆகும்? நாலு கேள்வி கேப்பானுக. போயிருவான்."

ஓவர்சீயரை அவளும் கூப்பிட்டுப் பார்த்தாள். போன் போகவில்லை. அதற்குள் குழுவில் அய்யம்மாளின் குரல் வந்திருந்தது. தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டு ஒற்றை ஆளாக இட்லிக் கடை நடத்துகிற மனுஷி. எதற்கும் அசராதவள். அவள் குரல் அன்றைக்கு நடுங்கியது. "ஏலே, என் வாசல்லதான்டா மொதக் குறி போட்டுருக்கானுக. நான் ஒத்தையில கெடக்கேன். எவனாச்சும் வாங்கப்பா" என்றாள். கேட்டவுடன் மணிமேகலைக்கே உடம்பு சிலிர்த்தது. எல்லாம் தெரிந்த இவளுக்கே இப்படி என்றால் ஒன்றும் தெரியாத தெருவுக்கு எப்படி இருக்கும்?

அடுத்து வந்தது வீடியோ. தோளில் பை மாட்டிய ஒல்லியான ஒருவனின் சட்டைக் காலரை நாலைந்து கைகள் பிடித்திருந்தன. அளக்கிற டேப் தரையில் கிடந்தது. கூட வந்தவன் பைக்கில் தப்பிவிட்டான், இவன் சிக்கிவிட்டான் என்று யாரோ கத்துவது கேட்டது. பிடிபட்டவன் கும்பிட்டான்.

"அண்ணே, நாங்க ரோட்டு வேலைக்கு வந்தவங்கண்ணே. ஐடி கார்டு வண்டிப் பெட்டியில இருக்கு, அவன் எடுத்துட்டுப் போயிட்டான். உங்க கவுன்சிலரம்மாவுக்குத் தெரியும். அவங்களையே கேட்டுப் பாருங்க."

"எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா எங்ககிட்டச் சொல்லாம இருக்குமாடா?" வேலுமணியின் குரல். "பல்பு மாத்துறதையே சொல்லுற அக்கா. இதச் சொல்லாதா? அக்கா என்ன சொல்லுச்சுன்னு நீ கேளுடா."

வீடியோவுக்குள் இன்னொரு போனில் இருந்து அந்தக் குரல் வந்தது. தெரியாத ஆளு எவன் வாசல்ல நின்னாலும் விட்ராதீங்க. பிடிச்சுக் கட்டி வைங்க. மணிமேகலையின் குரல் அவள் கைக்குள் இருந்தே பேசியது. அந்தக் குரல் முடிவதற்குள் முதல் அடி விழுந்தது. அத்தோடு வீடியோ நின்றுபோனது.

இனித் தேர்தலாவது மண்ணாவது. மைக்கை அமுக்கிக் கத்தினாள். "அவர விடுங்க. அது ரோட்டுக்குப் போட்ட குறி. எனக்குத் தெரியும். வேலுமணி, அடிக்காத. நான் சொல்றேன்ல, அடிக்காத." பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் போய்ச் சேர்ந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லாம் தெருவில் இருந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் கையில் போன் இருந்தாலும் அது படம் பிடித்துக்கொண்டிருந்தது. வேலுமணியைக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அய்யம்மாளைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகக் கேட்கிற தெரு, அவள் உண்மையைச் சொன்னபோது கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தார்கள். பைக்கில் தப்பியவன் சொல்லி ஜீப் புறப்பட்டாயிற்று, ஆனால் பாலம் வேலை நெரிசலில் அதுவும்தான் மாட்டியிருக்கிறது என்றார்கள். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸை விட்டுக் குதித்தாள். லாரிகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். நெரிசல் முடிகிற இடத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பைக்கைக் கை நீட்டி மறித்தாள். ஓட்டியவன் யார், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஆளை விடாதே என்று ஊருக்குச் சொன்னவள் தெரியாத ஆளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒரு உசுரு போகப் போகுதுங்க. வெரசாப் போங்க."

அவன் வண்டியை முறுக்கினான். வழியெல்லாம் அவள் வாய் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. அவன் செத்துவிட்டால்? அடித்தவர்கள் எல்லாம் தெருக்காரர்கள். கொலைக் கேஸில் உள்ளே போவார்கள். அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் வந்து இவள் வாசலில் நிற்பார்கள். என் வாய்தானே, என் வாய்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விலக்கில் திரும்பிக் கருவேலங்காட்டுக்கு நடுவே போகும்போது தெருவில் இருந்து சத்தம் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அய்யம்மாள் கடைக்கு எதிரே கூட்டம். கரண்டுக் கம்பத்தில் மாட்டுக் கயிற்றால் அவனைக் கட்டியிருந்தார்கள். தலை தொங்கியிருந்தது. அவன் கொண்டுவந்த பெயிண்ட் டப்பாவை அவன் தலையிலேயே கவிழ்த்திருந்தார்கள். முகம், கழுத்து, சட்டை எல்லாம் சிவப்பு. எது பெயிண்ட், எது ரத்தம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா வந்துருச்சு! வழி விடுங்கப்பா!"

கூட்டம் மரியாதையோடு விலகியது. வேலுமணி முன்னால் வந்தான். வியர்த்துப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, பரீட்சையில் பாஸான முகத்தோடு நின்றான்.

"நீ சொன்ன மாதிரியே பிடிச்சுக் கட்டி வச்சுட்டோம்க்கா. ஒருத்தன் மட்டும் தப்பிச்சுட்டான்."

"அவுத்து விடு, வேலுமணி. அவரு ரோட்டு அளக்க வந்தவரு."

வேலுமணி சிரித்தான். "உன்னையும் நம்ப வச்சுட்டானா? அதே கதையத்தான் எங்ககிட்டயும் சொன்னான்."

"தாயி, உனக்கு எரக்க மனசு" என்றாள் அய்யம்மாள். அவள் கையில் விறகுக் கட்டை இருந்தது. "பாவம் பாத்துப் பேசாத. உன் பேரச் சொல்லித் தப்பிக்கப் பாக்குறான் களவாணி. நீயி எங்ககிட்ட ஒரு சேதிய மறைப்பியா? அதுலயே தெரியலையா இவன் புளுகுறான்னு?"

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். பின்னாலிருந்து ஒருவன் எட்டி உதைக்க வந்தான். மணிமேகலை குறுக்கே விழுந்து, கட்டப்பட்டிருந்தவனைக் கம்பத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உதை அவள் இடுப்பில் விழுந்தது. அவள் சேலையெல்லாம் சிவப்பானது. சுற்றி நிற்கிற முகங்களைப் பார்த்தாள். எல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவள் போய் வந்த வீட்டு முகங்கள். அந்த முகங்களைப் பார்த்து அவள் முதல்முறையாகப் பயந்தாள்.

"மறைச்சேன், அத்தை" என்றாள். "கூட்டத்துலயே சொன்னாக. பஸ் வரணும்னா தெருவ அகலப்படுத்தணும்னு. குறி போட்ட எடம் வரைக்கும் எடுத்துருவாகன்னு. ஆளு வருவாக, சொல்லி வையின்னாக. சொன்னா ஓட்டுப் போட மாட்டீகன்னு நான் சொல்லல. இந்தத் தம்பி சொன்னது அம்புட்டும் நெசம். புளுகுனது நானு."

அய்யம்மாள் திரும்பித் தன் படியில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தாள். பிறகு தகரக் கொட்டகையைப் பார்த்தாள்.

"அப்ப என் கடை?"

"போகுது, அத்தை."

விறகுக் கட்டை கீழே விழுந்தது. இனி அந்தக் கட்டை தன் மேல்தான் வரும் என்று மணிமேகலை நினைத்தாள். வந்திருந்தால்கூடத் தேவலை. அய்யம்மாள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்தில் இருந்தவன் வாயில் வைத்தாள். மணிமேகலை பக்கம் அவள் திரும்பவே இல்லை. வேலுமணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகிக் கிடந்தது. "நான் எம்புட்டு அடிச்சேன், அக்கா? ரொம்பவா அடிச்சுட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மணிமேகலை குனிந்து பல்லால் கடித்து இழுத்து முடிச்சைத் தளர்த்தினாள். கட்டப்பட்டிருந்தவன் சரிந்து அவள் மடியில் விழுந்தபோது, மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸும் ஜீப்பும் ஒன்றாக வந்தன. கூட்டம் அதற்கு முன்பே கரைந்திருந்தது. கதவுகள் சாத்தப்படும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது. நீங்கள் கூடப் போங்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் வாங்கிக்கொள்கிறோம் என்றார் இன்ஸ்பெக்டர். மணிமேகலை ஏறி உட்கார்ந்தாள்.

வண்டிக்குள் இருந்த நர்ஸ் அமலராணி ஈரப் பஞ்சால் அவன் முகத்தைத் துடைத்தாள். கண் வீங்கி மூடியிருந்தது. பெயிண்டுக்குக் கீழே இருந்தது சின்ன வயசு முகம்.

"பேரு என்ன தம்பி? நான் பேசுறது கேக்குதா?"

"விக்னேஷ்குமார். ஆத்தூர்." மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னான். அம்மாவுக்குப் போன் செய்யச் சொல்லி நம்பரும் சொன்னான். பிழைத்துக்கொள்வான் என்று அமலராணி கண்ணைக் காட்டினாள். மணிமேகலைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. குனிந்து அவன் கையைத் தொட்டாள்.

"பயப்படாதீங்க தம்பி. நான் கூடவே வாரேன்."

அவன் உடம்பு தூக்கிப் போட்டது. ஊசி மாட்டிய கையைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்தினான். முழங்காலை மடக்கிச் சுருண்டு சுவர்ப் பக்கம் ஒண்டினான்.

"அந்தக் குரலு" என்றான். "சிஸ்டர், அந்தக் குரல வேணாம்னு சொல்லுங்க. அதப் போட்டுப் போட்டுத்தான் அடிச்சாங்க. நிறுத்தச் சொல்லுங்க, சிஸ்டர்."

அமலராணி ஒன்றும் புரியாமல் மணிமேகலையைப் பார்த்தாள். மணிமேகலை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். திண்டுக்கல் வரும்வரைக்கும் எடுக்கவில்லை. ஆனாலும் அழுகையில் அவள் மூச்சு கொஞ்சம் பெரிதாக வரும்போதெல்லாம் அவன் கை தலைக்கு மேலே போனது.